நடு வயலில் டிராக்டர் நின்றால்: இரண்டு பேர் சேர்ந்து வீட்டிலேயே பழுது பார்க்கும் வழிமுறை

குறுவைக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி இருமி இருமி நடு வயலில் நின்றது, கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) பாதி சேற்றுக்குள். ஏர் எடுத்தோம், அதாவது டீசல் வரும் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினோம், ஓடியது. இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது டவுனிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தோம். டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் டீசல் பம்ப்பைக் கழற்றி டெஸ்டிங்குக்கு அனுப்பியாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் ஸ்பேனர் எடுப்பதற்குள் என் நண்பன் டேங்க் மூடியைத் திருகித் திறந்தான். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளையைச் சேறு அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டோம். அந்தப் போகம் முடியும்வரை வண்டி நிற்கவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் காசு செலவாகாத இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிக்கிறோம். கீழே இருப்பதெல்லாம் அந்த வரிசையில் எழுதியவை. எங்களிடம் இருப்பது மாஸி 1035. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதே காலத்து மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் இந்த முறை பொருந்தும். சென்சார் வைத்த புது வண்டிக்கு முழுதும் பொருந்தாது.

கை வைப்பதற்கு முன்

கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய லிஃப்டை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. மண் தரையில் ஜாக்கி வைத்தால் அடியில் தடித்த பலகை போடுங்கள். செங்கல் வேண்டாம், பாரம் ஏறியதும் பிளந்துவிடும்.

அடுத்தது சாவி. யாருடைய கை இன்ஜினுக்குள் இருக்கிறதோ சாவி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டாம். ஸ்டார்ட் செய்ய வேண்டிய நேரத்தில் கீழே இருப்பவர் கையை வெளியே எடுத்து, ஒதுங்கி நின்று, சாவியைக் கொடுக்கிறார். "மாப்ள, அடிக்கலாமா?" "அடி." இந்தப் பதில் வராமல் செல்ஃப் அடிப்பதில்லை. இன்ஜின் சத்தத்தில் 'அடி'யும் 'இரு'வும் ஒரே மாதிரி காதில் விழும். அதனால் இன்ஜின் ஓடும்போது கையசைவு மட்டும்தான்: உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரையும் மாற்றி, பைப்பையும் மாற்றி, நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை) சர்வீஸ் செய்துவிட்டால் வண்டி ஓடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. அடுத்த வருஷம் அதே பழுது வரும்போது மறுபடி மூன்றுக்கும் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை

ஹெட்லைட்டைப் போடுங்கள். நண்பர் முன்னால் நின்று பார்க்கட்டும். சாவியைத் திருப்பியதும் வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் அப்படியே இருந்து செல்ஃப் மட்டும் சுற்றாவிட்டால் சுவிட்ச், சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் பாகம்), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றில் தேட வேண்டும்.

பெரும்பாலும் டெர்மினல்தான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். வரிசை மாறினால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். எர்த் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே பெயின்டும் துருவும் இருந்தால் பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். அப்போதும் 12 சொச்சமே காட்டினால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம், ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

பல வண்டிகளில் ஹை-லோ லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டாலோ கிளட்ச் மிதிக்காவிட்டாலோ செல்ஃப் அடிக்காதபடி ஒரு சேஃப்டி சுவிட்ச் இருக்கும். லீவரை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து செல்ஃப் மோட்டார் முனைகளை நேராக ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படிச் செய்பவர் நிற்பது பெரிய சக்கரத்துக்கு முன்னால். கியர் விழுந்திருந்தால் இன்ஜின் பிடித்த அடுத்த நொடி வண்டி அவர் மேல் ஏறிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, எரியவில்லை.

புகை வராத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் நாப், அதாவது இன்ஜினை நிறுத்த இழுக்கும் பிடி. இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது கேபிள் துருப்பிடித்து, நாப் உள்ளே போயும் பம்ப்பில் உள்ள லீவர் திரும்பியிருக்காது. நண்பர் நாப்பை இழுத்து விடட்டும், நீங்கள் லீவரைப் பாருங்கள். அதன்பின் டேங்க் காக், டேங்க் மூடித் துளை. இவ்வளவும் சரி என்றால்தான் ஏர்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. தனியாளாகச் செய்தால் பாதியில் மறுபடி காற்று உள்ளே போகும். டீசல் வரும் வழியிலேயே வரிசையாகப் போங்கள்.

முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். நண்பர் ஃபீட் பம்ப்பின் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சின்ன பம்ப்) கை லீவரை அடிக்கட்டும். நுரையோடு வரும் டீசல் நுரை நின்று கண்ணாடி போல வரும்வரை அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள், அடி நின்றபின் அல்ல.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கை லீவர் பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று ஆடும், டீசல் வராது. ஃபீட் பம்ப் போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுவார்கள். இன்ஜினுக்குள் சுழலும் தண்டில் இருக்கும் கேம் மேடு பம்ப்பின் ஆர்மை ஏற்கெனவே தள்ளி வைத்திருந்தால் கை லீவருக்கு வேலை இருக்காது. செல்ஃபை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். பம்ப் நன்றாக இருந்தால் லீவரில் கனம் தெரியும்.

இரண்டாவது, டீசல் பம்ப். ரோட்டரி பம்ப்பாக இருந்தால் உடம்பில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஏர் ஸ்க்ரூ இருக்கும். கீழே உள்ளது முதலில், மேலே உள்ளது பிறகு. இவை சின்னவை, பலமாக இறுக்கினால் முறிந்துவிடும். பழைய வண்டிகளில் பல நட்டுகள் இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருந்து நட்டின் முனைகளை வழித்துவிடும்.

மூன்றாவது, இன்ஜெக்டரில் சேரும் பைப் நட்டுகள். இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க வைத்து, ஸ்டாப் நாப் உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். நட்டுகளில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். வண்டி இரண்டு சிலிண்டரில் தடுமாறிப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

பிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கசிவு பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

ஏர் எடுத்தும் மறுநாள் காலையில் மறுபடி ஏர் பிடித்திருந்தால் எங்கேயோ காற்று புகுகிறது. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடைப்பட்ட பகுதியைச் சந்தேகப்படுங்கள். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால் கசிவு வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு, பழைய வாஷரையே திரும்பப் போட்ட யூனியன் (பைப் இணைப்பு), ஃபில்டர் கிண்ணத்தின் சீல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காப்பர் வாஷர் விலை மிகக் குறைவு. கழற்றும் ஒவ்வொரு தடவையும் புதிது போட்டுவிடுங்கள்.

பிடிக்கிறது, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது

மூடித் துளையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். அது சரியாக இருந்தால், டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். விரல் தடிமனுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு நூலாகிவிட்டால் டேங்கின் அடியில் குப்பை. கேனிலிருந்து ஊற்றும்போது விழுந்த வைக்கோல் துணுக்கு, இலை, எதுவாகவும் இருக்கலாம். இன்ஜின் நின்றதும் அது விலகிக்கொள்ளும், அதனால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

ஃபில்டர் கிண்ணத்தில் டீசலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அதைத் திறந்து விடுங்கள். பாதி டேங்கோடு வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்தால் டேங்குக்குள் ஈரம் வேர்த்து இறங்கும். வேலை முடிந்த மாலையில் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவது நல்லது.

புகையின் நிறம்

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. முதலில் ஏர் கிளீனர். எங்கள் வண்டியில் இருப்பது ஆயில் பாத் வகை. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு போல மண் படிந்திருக்கும். டீசலில் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுக்கும். புழுதி உழவு என்றால் தினமும் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஏர் கிளீனர் சுத்தமாக இருந்தும், குறைந்த பாரத்திலேயே கறுப்பாக வந்தால் நாசில்.

எந்த நாசில் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, முதல் இன்ஜெக்டரின் பைப் நட்டைத் துணி சுற்றிக்கொண்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் மாறி இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் தூங்கும் சிலிண்டர். நண்பர் சைலன்சர் பக்கம் நின்று கேட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். சந்தேகமான இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டிங் கடைக்கு அனுப்புங்கள், மூன்றையும் அல்ல. திரும்பப் போடும்போது பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் மேல் இன்னொன்று விழுந்தால் இன்ஜெக்டர் சரியாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும்.

காலையில் குளிர்ந்த இன்ஜின் வெள்ளையாகப் புகைவது சாதாரணம். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். அது உடனே நிற்கும் பழுதல்ல, ஆயில் அளவைத் தினமும் பார்த்துக்கொண்டு அறுவடை முடியும்வரை ஓட்டலாம்.

ஆயில் கேஜில் அளவு ஏறுகிறது

ஆயில் குறைவதற்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஏறுவதுதான் கூடுதல் ஆபத்து. கேஜ் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து ஆயில் தண்ணீராக ஓடினால் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர் கடைந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அப்போதே நிறுத்துங்கள், வீட்டுக்கு ஓட்டிப் போகவும் வேண்டாம். நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங் போய்விடும். கிராங்க் கடைசல் வேலைக்கு ஆகும் செலவில் பத்து ஃபீட் பம்ப் வாங்கலாம்.

இந்த நிலையில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. அளவுக்கு மேல் ஏறிய ஆயிலை இன்ஜின் தானே இழுத்து எரிக்க ஆரம்பித்தால் ஸ்டாப் நாப்பை இழுத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். டீசல் பம்ப்பில் கை வைத்த பிறகு முதல் ஸ்டார்ட்டிலும் இப்படி நடக்கலாம். அதனால் அந்த முதல் ஸ்டார்ட்டுக்கு நண்பர் கையில் ஒரு பலகைத் துண்டோடு காற்று இழுக்கும் வாயருகில் நிற்பது எங்கள் வழக்கம். கட்டுமீறினால் வாயைப் பலகையால் மூடிவிட வேண்டும். கையையோ துணியையோ வைக்கக்கூடாது, இழுத்துக்கொள்ளும்.

சூடேறுகிறது

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். ஆறட்டும். முன்னால் உள்ள ஜாலியைக் கழற்றிப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பதரும் வைக்கோல் தூசும் மெத்தை போல அப்பியிருக்கும். காற்று போகும் திசையில் தண்ணீர் அடித்தால் தூசு இன்னும் உள்ளே இறுகும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது.

இவை சரி என்றால் தெர்மோஸ்டாட்டை எடுத்து அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் கட்டித் தொங்கவிடுங்கள். 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றுங்கள். எடுத்து எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடினால் டீசலும் அதிகம் போகும், தேய்மானமும் அதிகம்.

லிஃப்ட் தூக்கவில்லை, தூக்கியதைப் பிடிக்கவில்லை

எங்கள் வண்டியில் கியர், டிஃபரன்ஷியல், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. எனவே முதல் கேள்வி ஆயில் அளவு, அடுத்தது அதன் நிறம். கேஜ் வீல் போட்டு ஆழச் சேற்றில் உழுகிற வண்டிகளில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து ஆயில் மோர் போல ஆகிவிடும். ஓர் இரவு ஆட்டாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அடி டிரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். அடியில் இறங்கிய தண்ணீர் முதலில் வரும். கொஞ்சம் வந்தால் அதை விட்டுவிட்டுப் பார்க்கலாம், லிட்டர் கணக்கில் வந்தால் ஆயில் முழுதும் மாற்றத்தான் வேண்டும். ஆயில் வெளுத்தே இருந்து தண்ணீர் பிரியாவிட்டாலும் அப்படித்தான்.

சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்ப்பும் நின்றுவிடும். கிளட்சை மிதித்துக்கொண்டே லிஃப்டை இழுத்துப் பார்த்து, தூக்கவில்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. நியூட்ரலில் வைத்து, காலை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

கலப்பை இல்லாமல் தூக்குகிறது, மாட்டினால் தூக்கவில்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம், ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறக்கலாம். தூக்கும்போது பம்ப் சிணுங்கினால் உறிஞ்சும் வழியில் ஜல்லடை அடைத்திருக்கும். தூக்கி நிறுத்திய கலப்பை இன்ஜின் ஓடும்போது தலையாட்டிக்கொண்டே இருந்து, இன்ஜினை நிறுத்தியதும் மெல்ல இறங்கினால் சிலிண்டர் பக்கம் கசிகிறது. இறங்கும் அளவைப் பம்ப் திரும்பத் திரும்ப ஈடு செய்வதால்தான் அந்தத் தலையாட்டம். அதைப் பார்க்க லிஃப்டின் மேல் மூடியைத் தூக்குவது கனமான வேலை. சங்கிலி பிளாக் இல்லாமல் இரண்டு பேர் கையால் முயல வேண்டாம்.

கிளட்ச்

இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. கியர் விழும்போது கரகரவென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து பெடலின் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவு. மேனுவலில் உள்ள அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். அதிலும் தீராவிட்டால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் வீட்டில் செய்தோம், அதுவும் சிமென்ட் தரையில், ஸ்டாண்டு இரவல் வாங்கி. முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல் போல ஆடும். பிரித்த உடனே இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பிரிப்பதற்கு முன்னால் அச்சுக்கும் மேலே உள்ள பாடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடித்து இறுக்கியே ஆகவேண்டும். ஸ்டாண்டு, ஆப்பு, கெட்டியான தரை ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போங்கள். டீசல் பம்ப்பின் உள்ளே திறப்பதும் அப்படியே. பம்ப்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் அதை சரியாகக் கட்டவே முடியாது.

ஓட்டிப் பார்க்கும்போது

ரோட்டுக்கு எடுப்பதானால் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டுச் சேருங்கள். உழவில் பிரித்தது பிரித்தபடியே இருந்து, வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். நண்பரை மட்கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், பின்னால் பைக்கில் வரட்டும். அப்போதுதான் புகையையும் கசிவையும் அவரால் பார்க்க முடியும். பத்து நிமிடம் ஓட்டித் திரும்பி வந்து, இன்ஜினை நிறுத்தி, கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒருவர் நட்டின் பேரைச் சொல்ல, மற்றவர் தொட்டு 'சரி' சொல்ல வேண்டும். பிறகு தேதி, ஹவர் மீட்டர் எண், என்ன அறிகுறி, எது தீர்த்தது என்று ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். எங்கள் நோட்டு டூல் பாக்ஸில், பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கிறது. மூடித் துளைக்கான கம்பியும் அதோடுதான்.